சிவப்பு மையில் அடித்த பி.ஏ.

டீச்சரம்மாவுக்கு,

அறுபத்தெட்டு வயதில் நான் பட்டதாரி ஆகிவிட்டேன். பல்கலைக்கழகமே எழுந்து நின்று கைதட்டியதாகக் கேள்வி. சிரிக்காதே.

நூலகத்தில் பாடம் சொல்லித்தர நான் எழுதிய விண்ணப்பத்தில் 'ஐ ஹேவ் எ பி.ஏ.' என்பதை நேற்று சிவப்பு மையால் அடித்தாய். 'ஐ ஸ்டடீட் ஃபார் எ பி.ஏ.' என்று திருத்தி, "படிச்சீங்க, வாங்கலையே! இங்கிலீஷ்ல சொன்னா பொய் உண்மையாயிடுமா?" என்றாய். நியாயம்தான். புள்ளியியல் தாளில் பதினொரு முறை கோட்டை விட்டுவிட்டு, நம் கல்யாணப் பத்திரிகை முதல் வாசல் பலகை வரை பி.ஏ. போட்டுக்கொண்ட மகாமேதை நான்.

ஆனால் பழைய அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு ஒன்று கொடுத்தார்கள். நான்கு மாதம் நடைப்பயிற்சி என்று புளுகிவிட்டு, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். தொப்பை இறங்காத மர்மம் இதுதான். நீ கடைக்குப் போனதும் தேர்ச்சிக் கடிதம் வந்தது. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

பதினொரு மணிக்கு பிளம்பர் வருவார். சோறு மூடியிருக்கிறது. விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள், உன் திருத்தத்தோடு மேஜையில் கிடக்கிறது. பட்டதாரிக்குத் தகுந்தபடி முடிவெட்டிக்கொள்ளப் போகிறேன், இருக்கிற ஏழு முடியையும்.

பி.கு.: மார்க்கைப் பார்க்காதே.

*(கீழே, சிவப்பு மையில்)*

பார்த்துட்டேன். நூத்துக்கு நாற்பது. ரெண்டு தடவை கண்ணாடியைத் துடைச்சுப் பார்த்தேன், நிஜம்தான். விண்ணப்பத்தை வேற தாள்ல புதுசா எழுதி வச்சிருக்கேன்: 'ஐ ஹேவ் எ பி.ஏ.' கையெழுத்து மட்டும் போடுங்க.