அம்மாவின் சிணுக்கோலி

கினிகத்தேனை
20-2-1935

அன்புள்ள அக்கா மனோரஞ்சிதத்துக்குத் தங்கச்சி சீதாலெட்சுமி எழுதிக்கொண்டது.

நான் பிழைத்துக்கொண்டேன். இதை என் கையால் எழுதித்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் அப்பாவை எழுதவிடவில்லை. கை நடுங்குகிறது. எழுத்து கோழி கிளறினது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மா போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். காய்ச்சல் ஊர் என்று உன் மாமியார் வீட்டில் உன்னைக் காரியத்துக்கு அனுப்பவில்லையாம். அப்பா சொன்னார். நான் அடுத்த அறையில்தான் கிடந்தேன், அக்கா. அம்மாவைத் தூக்கிப்போன சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. ஆகையால் உன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நாம் இரண்டு பேருமே வரவில்லை.

இப்போது வேறொரு சங்கடம். ஐம்பது நாளாக என் தலையில் ஒருவரும் சீப்பு வைக்கவில்லை. நம்ம சுருட்டை முடி உனக்குத் தெரியாததா, ஒரு வாரம் விட்டாலே தேங்காய் நார்தான். வியர்த்து, தலையணையில் புரண்டு, ஒன்பது திரியாகத் திரிந்து கயிறு மாதிரி தொங்குகிறது. நாகலெட்சுமி அத்தை பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணே, சடை விழுந்திருச்சு. மாரியம்மா எறங்கியிருக்கா. இனிமே யாரும் சீப்பு வைக்காதீங்க" என்றாள். அப்பா உடனே சீப்பை எடுத்து மறைத்துவிட்டார். அம்மா போன அன்று, "இவளையாவது விட்டுடு தாயே, இவ ஒனக்கே இருக்கட்டும்" என்று மாரியம்மனிடம் சொல்லி அழுதாராம். இனி சீப்பு பட்டால் நானும் போய்விடுவேன் என்று பயப்படுகிறார்.

நமைச்சல் தாங்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. என்ன செய்யலாம் என்று எழுது.

சீதா


ஹட்டன்
28-2-1935

என் கண்ணான சீதாவுக்கு அக்கா எழுதுவது.

உன் கோழி கிளறின எழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பால் பொங்கி வழிந்ததும், மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் தனிக் கதை.

உன் தலையில் இறங்கியிருப்பது மாரியாத்தாள் இல்லை, வெறும் சிக்கு. இந்த மலையில் தோட்டத்துக்குத் தோட்டம் அவளுக்குக் கோவில் கட்டி வைத்திருக்கிறார்கள். இடம் கிடைக்காமலா உன் தலையில் வந்து குடியேறினாள்? அப்படியே வந்திருந்தாலும் கையில் ஒரு சீப்போடு வந்திருப்பாள். அவளும் பெண்பிள்ளைதானே.

அப்பாவிடம் சண்டை போடாதே. பயந்தவருக்கு நியாயம் ஏறாது. நான் சொல்கிறபடி ஓசைப்படாமல் செய். பக்கத்து வீட்டுத் தையற்கார மெணிக்கே அம்மா பெயருக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ஒரு போத்தல் விளக்கெண்ணெயும், என் கல்யாணத்தன்று அம்மா என் பெட்டியில் வைத்த கருங்காலிச் சிணுக்கோலியும் இருக்கும். அந்தக் கோலால்தானே அம்மா நம் இரண்டு பேருக்கும் சிக்கெடுப்பாள்.

ஒரு திரியை மட்டும் எடுத்துக்கொள். எண்ணெயை இளஞ்சூடாக்கி நுனியிலிருந்து வேர்வரை தடவி ஒரு நாள் ஊறவிடு. தண்ணீர் பட விடாதே, நனைந்தால் சிக்கு இறுகும். வேர்ப்பக்கத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் தலை வலிக்காது. நுனியிலிருந்துதான் பிரிக்க வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லாம் கீழே இறங்கி ஒரே முடிச்சாகிவிடும். முதலில் விரல், விரல் போகாத இடத்துக்குக் கோல். "நம்ம முடிக்குச் சீப்பு எசமான் இல்லடி, வெரலுதான்" என்று அம்மா சொல்லுவாளே, அதை நினைத்துக்கொள். பிடரியில் ஆரம்பி. நெற்றிக்கு மேலே இருப்பதைக் கடைசிக்கு வை, அதுதான் எல்லார் கண்ணிலும் படும்.

உனக்குப் பேசி வைத்திருக்கும் செல்லசாமி வீட்டுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவர் அம்மா என் மாமியாருக்குக் கூடப்பிறந்த தங்கை என்பதால் நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன். நம்ம அம்மாவின் வருஷம் திரும்பியதும் தையில் கல்யாணம் என்கிறார்கள். சடை விழுந்த பெண்ணை ஒருவரும் கட்டமாட்டார்கள், சாமிக்கு விட்டதை வீட்டுக்கு அழைக்கப் பயப்படுவார்கள். அதற்குள் உன் தலை தலையாகிவிட வேண்டும். கார்த்திகை பிறந்ததும் நானும் உன் அத்தானும் காரில் வந்து உன்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். பிறகு அத்தை யாருக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று பார்ப்போம்.

என் குட்டி சண்முகவடிவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அவளுக்கும் நம்ம முடிதான். வாரும்போது அவள் அழுகிற அழுகை நோர்வூட்டில் செல்லசாமிக்கே கேட்கும்.

உன் அக்கா
மனோரஞ்சிதம்


கினிகத்தேனை
28-4-1935

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலம் பத்திரமாக வந்தது. மெணிக்கே அம்மா முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் திரி பிரிய இருபத்திரண்டு நாள் ஆனது. பிரித்தபோது உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒரு சாண் கறுப்பு நூல். காய்ச்சல் வருவதற்கு முதல் நாள் அம்மா எனக்குப் பின்னிவிட்டு நுனியில் கட்டியது. முடிச்சு அப்படியே இருந்தது. அம்மாவின் கை முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து இரண்டாக்கி, பாதியை இதற்குள் வைத்திருக்கிறேன். நான் அப்போதுதான் அழுதேன், அக்கா. அதுவரை அம்மாவுக்காக நான் அழவே இல்லை.

பிரித்ததை மறுபடி முறுக்கிச் சாம்பல் பூசித் திரி மாதிரியே தொங்கவிடுகிறேன். தொட்டுப் பார்த்தால்தானே தெரியும், தொட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அத்தை மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறாள். வாரம் முழுக்க நான் அவிழ்ப்பதில் பாதியை அந்த ஒரு செம்புத் தண்ணீர் மறுபடி முடிச்சாக்கிவிடுகிறது.

அன்றைக்குத் தோட்டங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். நம்ம கடைக்குப் பின்னால் உள்ள அறையில் என்னை மணைபோட்டு உட்காரவைத்துத் திருநீறு வாங்கிக்கொள்கிறார்கள். போன வாரம் காளியாயி என்று ஒருத்தி, காய்ச்சல் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, "நீ சொன்னா போயிரும் தாயே" என்றாள். நான் திருநீற்றை எடுத்து அதன் நெற்றியில் பூசிவிட்டேன். அடுத்த வெள்ளி அவள் மட்டும் தனியாக வந்து, என் காலைத் தொட்டு, தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை.

இந்த வீட்டில் என் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. அப்பாகூட வாசலில் நின்று, "சாப்பிட்டீங்களா தாயே" என்கிறார். நீ கடிதத்தில் சீதா என்று எழுதுவதைத் தினம் ஒரு தரம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

சீதா


கினிகத்தேனை
4-8-1935

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்தாவது திரியைத் தொட்ட அன்று எனக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. பல் கிட்டியது. அப்பா கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு, "நாங்க என்ன குத்தம் செஞ்சோம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குற்றம் தலையணைக்குக் கீழே இருந்தது எனக்குத்தான் தெரியும். அக்கா, அத்தை சொல்வது உண்மையாக இருந்தால்? எட்டு நாளாக நான் கோலைத் தொடவில்லை.

சீதா


ஹட்டன்
9-8-1935

அடி பைத்தியமே சீதா,

கொயினாவை எத்தனை நாளாக விட்டிருக்கிறாய்? கசக்கிறது என்று துப்பியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. இந்தக் காய்ச்சல் விட்டு விட்டு வரும், மருந்தை நிறுத்தினால் வந்தே தீரும் என்று இங்கே டாக்டர் சொல்கிறார். சீப்பே படாத எத்தனை மொட்டைத் தலைகளுக்கு இந்த வருஷம் காய்ச்சல் வந்தது? அவர்களெல்லாம் எந்தச் சாமியின் சடையைப் பிரித்தார்கள்?

மருந்தை விழுங்கு. கோலை எடு. ஊரே உன்னைத் தாயே என்று கூப்பிட்டாலும் எனக்கு நீ மூக்கு ஒழுகின சீதாதான்.

அக்கா


கினிகத்தேனை
11-10-1935

அன்புள்ள அக்காவுக்கு,

உன் திட்டு நன்றாக வேலை செய்தது. காய்ச்சல் போய்விட்டது. ஏழு திரி பிரிந்துவிட்டது. இன்னும் இரண்டுதான், நெற்றிக்கு மேலே. நேற்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செம்பருத்தி இலையை அரைத்துத் தலையில் வைத்தேன். பின்பக்கம் விரல் போனது, அக்கா. வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் போனது. நான் கண்ணாடி பார்த்துப் பத்து மாதம் ஆகிறது.

காருக்குச் சொல்லி வைத்துவிடு. கார்த்திகை முதல் வாரம் நான் தயாராக இருப்பேன்.

சீதா


ஹட்டன்
8-11-1935

தாயே,

அடியாள் மனோரஞ்சிதம் எழுதிக்கொண்ட விண்ணப்பம். என்ன போட்டுக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

சண்முகவடிவுக்குப் பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல். கண் திறக்கவில்லை. டாக்டர் இரண்டு வேளை வருகிறார், முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார். முந்தாநாள் நான் பொறுக்கமாட்டாமல் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எண்ணெய் அனுப்பியது, கோல் அனுப்பியது, கேலி எழுதியது எல்லாம். "சாமி சொத்துல கை வச்சிட்டு, புள்ள எப்புடிப் பொழைக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நோர்வூட்டுக்கும் செய்தி போய்விட்டது.

அந்தக் கேலியெல்லாம் நான் எழுதினது. என் வாயை மன்னித்துக்கொள்ளுங்கள். குழந்தை ஒன்றும் செய்யவில்லை. திருநீறு அனுப்புங்கள். மீதி இருக்கிற சடைகளைத் தொட வேண்டாம், தாயே. பிரித்தவற்றையும் எப்படியாவது பழையபடி விட்டுவிடுங்கள். கார் இப்போது வராது.

இது உங்கள் அக்கா எழுதினது என்று பார்க்காதீர்கள். பெற்றவள் எழுதினது என்று பாருங்கள்.

பாதம் பணியும்
மனோரஞ்சிதம்


கினிகத்தேனை
11-11-1935

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தின் தலைப்பில் தாயே என்று இருந்ததால், வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் யாரோ எழுதியது என்று கீழே வைத்துவிட்டேன். பிறகுதான் கையெழுத்தைப் பார்த்தேன்.

திருநீறு இதற்குள் இருக்கிறது. அது எங்கள் அடுப்புச் சாம்பல், நானே சலித்தது. காளியாயிக்கும் இதைத்தான் கொடுத்தேன். உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். ஆடி மாதம் நீ எனக்கு எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன்: டாக்டர் கொடுக்கும் மருந்தை நிறுத்தாதே.

என்மேல் உனக்கு அன்பில்லை என்று நான் நினைக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. இரண்டு திரிதான் பாக்கி, அக்கா. பத்து நாளில் பிரித்துவிடுவேன். ஆனால் பிரித்த பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆனால் நீ என் முகத்தில் விழிப்பாயா? அதை நினைத்துப் பார்த்தேன். இன்று காலை கிணற்றடியில் ஐந்து குடம் தண்ணீரை நானே தலையில் ஊற்றிக்கொண்டு, துவட்டாமல், விரல் வைக்காமல் அப்படியே காயவிட்டேன். ஈரம் போவதற்குள் பிரித்ததெல்லாம் பழைய இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டது. அப்பா பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

அம்மாவின் கோலைத் திருப்பி அனுப்புகிறேன். இங்கே இனி அதற்கு வேலை இல்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சண்முகவடிவுக்கு நம்ம முடி. படுக்கையில் கிடந்தாலும் ஒரு நாள்கூட விடாமல் சிக்கெடுத்துவிடு. அழுதாலும் விடாதே. முடியவில்லை என்றால் கத்தரித்துவிடு. வாராமல் மட்டும் விட்டுவிடாதே.

சீதா


ஹட்டன்
30-11-1935

தாயின் திருவடிகளுக்கு,

திருநீறு வந்து இரண்டாம் நாள் குழந்தைக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. இப்போது கஞ்சி குடிக்கிறாள். டாக்டர் தன் மருந்துதான் வேலை செய்தது என்கிறார். மாமியார் கேட்டுச் சிரிக்கிறார்.

செல்லசாமிக்குத் தலவாக்கலையில் பெண் பார்த்துத் தையில் நாள் குறித்திருக்கிறார்கள். உங்கள் வாக்கால் நல்லபடி நடக்க வேண்டும் என்று அவர் அம்மா சொல்லச் சொன்னார்.

கோல் வந்தது. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். குழந்தைக்குத் தலை வாரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "அது ஒந் தங்கச்சி எழுதுனது. மாரியம்மா உத்தரவு வேற" என்கிறார். எனக்கும் அந்தக் கோலை எடுக்கக் கை வரவில்லை.

மார்கழி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு காரில் வருகிறோம். சன்னதியில் உத்தரவு கேட்டுக்கொண்டு தலை வாரிவிடுகிறோம். அதுவரை அவள் முடி அப்படியே இருக்கட்டும். பிடரியில் ஒன்று லேசாகத் திரிந்திருக்கிறது.

அடியாள்
மனோரஞ்சிதம்