உன்னைக் கழித்துப் போட்ட பட்டை

அந்த நீலப் பட்டையை இன்று மறுபடியும் பார்த்தேன். நூலகக் குழுச் செயலாளர் அந்த வரைபடத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படம் போலக் கூட்ட அறைச் சுவரில் மாட்டியிருந்தார். போன வருடம் நான் வரைந்தது. ஒரு பொய்யை இவ்வளவு நேரான கோடுகளால் வரைய என்னால் முடிந்திருக்கிறது. மாட்டியவர் மேல் எவ்வளவு இளக்காரம் வந்ததோ, அதே அளவு என் மேலும் வந்தது.

உனக்கு நினைவிருக்கும். சனிக்கிழமைதோறும் நூலகத்திலிருந்து இரண்டு புத்தகப் பெட்டிகள் ஆட்டோவில் போகும். ஒன்று எங்கள் துறைமுகக் குடியிருப்புக்கு, இன்னொன்று உங்கள் கடற்கரைத் தெருவில் சிலுவை நிற்கும் குருசடி வாசலுக்கு. இனி ஒரு நடைதான், ஒரு பெட்டியை நிறுத்த வேண்டும் என்று குழு சொன்னது. யார் எத்தனை புத்தகம் எடுத்தார்கள் என்று படம் போட என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் இருநூற்று நாற்பது, உங்கள் பக்கம் எண்பத்து நான்கு. எங்கள் சிவப்புப் பட்டை தாளின் உச்சியைத் தொட்டது. உங்கள் நீலப் பட்டை அதன் முழங்காலுக்கு நின்றது.

"பாத்தீயளா, படமே பேசுது. கடக்கரப் பிள்ளையளுக்கு எதுக்கு பொஸ்தகம்?" என்றார் செயலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் அந்த நூலகத்தில் இதுவரை ஒரு புத்தகம்கூட எடுத்ததில்லை. பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வெளியே வந்ததும், சன்னல் வழியே எல்லாம் பார்த்திருந்த நீ என் சடையைப் பிடித்து இழுத்தாய்.

"ஏளா, ஒங்க குவாட்டர்ஸ்ல எத்தன பிள்ளைய பேரு குடுத்திருக்கு?"

"நூத்தி இருவது."

"எங்க தெருவுல?"

"பதினாலு."

"அப்ப நூத்தி இருவது பேரு தின்ன சோத்தையும் பதினாலு பேரு தின்ன சோத்தையும் பக்கத்துல பக்கத்துல குமிச்சு வச்சு, யாருக்குப் பசி கூடன்னு கேக்க. நல்லா இருக்குளா ஒன் படம். கலரு மட்டும்."

எனக்கு முகம் சுட்டது. நீ விடவில்லை. உன் அப்பா கடலில் முங்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். வள்ளம் கரைக்கு வந்ததும் எத்தனை சங்கு என்று மட்டும் கேட்கிறவனை உங்கள் தெருவில் யாரும் மதிப்பதில்லை, எத்தனை பேர் முங்கினார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றாய். "எட்டுப் பேரு முங்கி நூறு சங்கு, மூணு பேரு முங்கி அறுவது சங்கு. எவன் நல்ல குளிக்காரன்னு எங்க தெருவுல மூக்கு ஒழுகுற பிள்ளையும் சொல்லும். நீ ஒம்பதாங்கிளாஸு!"

நூலகப் படியிலேயே உட்கார்ந்து வகுத்தோம். எங்கள் பக்கம் தலைக்கு இரண்டு. உங்கள் பக்கம் தலைக்கு ஆறு. நான் துள்ளி எழுந்தேன். நீ கையைப் பிடித்து உட்கார வைத்தாய்.

"நில்லு. பதினாலு பேருல நான் ஒருத்தியே இருவது எடுத்திருக்கேன். கூட்டம் சின்னதுன்னா ஒத்த ஆளே பட்டையத் தூக்கிரும். என்னைக் கழிச்சும் போட்டுப் பாரு. அப்பவும் நின்னாத்தான் நெசம்."

கழித்துப் பார்த்தோம். தலைக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. நின்றது.

அந்தத் தாளைச் செயலாளரிடம் நீட்டினாய். அவர் கையில்கூட வாங்கவில்லை. "வகுத்தல் கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல வச்சுக்கோ தாயி. ஒரு வருசம் போவட்டும், பாப்போம்" என்றார். குருசடி வாசலில் பெட்டி நின்றுபோனது. மழைக் காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் எடுத்து வந்த புத்தகத்தைப் பிரிக்கவும் உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவர் சொன்ன ஒரு வருடம் இன்று முடிந்தது. பெட்டியை ஒரேயடியாக நிறுத்தத்தான் கூட்டம். பிளாஸ்டிக் உறைக்குப் பக்கத்தில், அதே பழைய கணக்கைத் தலைக்கு வகுத்து வரைந்த என் புதுப் படத்தை ஒட்டினேன். தலைக்கு ஒரு புத்தகம் என்றால் ஒரு விரற்கடை உயரம். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே எத்தனை பிள்ளைகள் என்று எழுதியிருந்தேன். செயலாளர் அதை வெகுநேரம் பார்த்தார். புரியாததை மறைக்கக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. தனக்கும் ஒரு யோசனை வந்துவிட்ட ஆச்சரியம்.

"இதுல அந்தச் செத்துப்போன பிள்ளையும் இருக்குல்லா? அத எடுத்துரு. இல்லாத ஆள வச்சுப் பட்டைய ஒசத்தப்பிடாது."

உன்னிடம் ஒரு வருடம் முன்பே கேட்ட பேச்சுதான். ஆனால் நீ சொன்னது உண்மை தெரிய வேண்டும் என்று, அவர் சொன்னது தெரிந்துவிடக் கூடாது என்று. சுருட்டி வைத்திருந்த இரண்டாவது தாளை விரித்தேன். பதின்மூன்று பிள்ளைகள், ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் நூற்று இருபது பிள்ளைகள், இரண்டு.

பின்வரிசையில் இருந்த ஆட்டோக்கார அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னும் யாரக் கழிக்கணும்வே? சொல்லும். பெட்டிய ஏத்த நேரமாச்சு."

சிரிப்பில் தீர்மானம் ஆனது. இன்றைய சனிக்கிழமை முதலே இரண்டு நடை. செயலாளர் தன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். அது அவருக்குப் பொருத்தமாக இருந்தது.

கீழே ஆள் கணக்கு எழுதாமல் இனி ஒரு பட்டையும் வரைய மாட்டேன். இப்போது இரண்டு தாள்களும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. உங்கள் தெருவின் பட்டை ஒன்றில் உயரம், மற்றதில் சற்றுக் குட்டை. நடுவில் உள்ள வித்தியாசத்தின் மேல் என் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்க்கிறேன். ஒரு விரற்கடைக்கு மேல் கொஞ்சம் வருகிறது. நீ அவ்வளவு உயரம்.