இனார்டினேட் என்று எழுதினேன்

மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது பழைய கார்பன் தாள் ஒன்று கையில் ஒட்டியது. அந்த வாசனை வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது யாருக்கு எழுதுகிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். திருவண்ணாமலை ஆபீஸில் நான் குமாஸ்தா, நீ டைப்பிஸ்ட். நீ அடிக்கடி லீவு போட்டாய். லெட்டரில் ஒன்று காய்ச்சல் இருக்கும், இல்லையென்றால் வயிற்றுப்போக்கு. "உன் வயிறு இன்னாய்யா, முனிசிபாலிட்டி குழாயா?" என்று கேலி செய்வேன். நீயும் சிரிப்பாய்.

அதிகாரி உனக்கு ஒரு மெமோ எழுதச் சொன்னார். "லீவு ஜாஸ்தினு எழுதுங்க, போதும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு என் இங்கிலீஷ் மேல் கொழுப்பு. அகராதியைப் புரட்டி 'இனார்டினேட்' என்று போட்டேன். அளவுகடந்த, வரம்பு மீறிய என்று அர்த்தம். அதிகாரிக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆபீஸில் ஒரே டைப்பிஸ்ட் நீதான். உனக்கான மெமோவை நீயே அடித்தாய். அந்தச் சொல் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாய்.

"லீவு ஜாஸ்தினு போடு, ஒத்துக்கிறேன். இது எதுக்குபா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதணும். நீ அடி."

அடித்தாய். மூன்று பிரதி, ஒரு பிழை இல்லை. மேலிடத்துக்குப் போன பிரதி திரும்பி வந்தபோது அந்த ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கூடவே உனக்குத் திருப்பத்தூருக்கு மாற்றல்.

நீ திருப்பத்தூர் போன பிறகு, ஆபீஸில் நீ மறந்துவிட்ட குடையைக் கொடுக்க அடி அண்ணாமலை கிராமத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் தங்கையைக் கட்டில் காலோடு சேலையால் கட்டியிருந்தார்கள். உன் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"புத்தி தடுமாறிச்சின்னா மலைய சுத்தக் கெளம்பிடும் சார். தடுத்தா அலறும். அவன்தான் லீவு போட்டுட்டு பின்னாடியே போவான். ஒரு சுத்து முடிஞ்சா அதுவா ஊட்டுக்கு வந்துடும். கண்ணாலம் ஆவாதேனு வெளிய சொல்லல. இனிமே யாரு போறது?"

அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு கல்யாண வீடுகளில், பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ முறை உன்னைப் பார்த்தேன். ஒருமுறை "அந்த மெமோ..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் பழைய ஃபைல், மூடுபா" என்றாய். என்னால் மூட முடியவில்லை. உன்னைப் போன்றவனுக்குத் துரோகம் செய்துவிட்டேன்.

உன் அம்மா கேட்ட கேள்வியைத்தான் இன்றும் சுமந்து திரிகிறேன். அந்த வருஷம் எனக்குப் பதினோரு நாள் லீவு மீதி இருந்தது. ஒரு நாள்கூட எடுக்கவில்லை. டிசம்பரோடு அது காலாவதியாகிப் போயிற்று.