வழுதூர்த் தலைவரின் வலக்கால் கழல் குறித்து

மழை பொய்யாதிருக்க, ஏரி கரை மீறாதிருக்க, ஆடுகளத்துப் புல் வாடாதிருக்க.

செம்மணற் பெருநாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் கோமான் மாவண்கோவின் திருவாய்மொழி கேட்டு, அவர்தம் பேரமைச்சரும், வெண்கோட்டை ஆடுகளத்தின் மேற்குப் படிவரிசையில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இடம் மாறாது அமர்ந்து தொண்டை வற்றக் கத்துபவருமாகிய கொற்றன் ஆதனார், வழுதூர்க் கோட்டத்தின் தலைவரும், ஆலங்கரைக் காற்பந்துக் குழுவின் முதல்வரும், நாட்டுப் பதினொருவரின் தளபதியும், வாகைக்கழல் பூண்ட வலக்காலுக்கு உரியவருமாகிய எயினன் சாத்தனாருக்கு வரைந்து விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டத்தில் மக்களும் மாடுகன்றுகளும் நலமாக இருக்கும் என்று அமைச்சர் நம்புகிறார். தங்கள் முழங்கால் நலமாக இல்லை என்பதையும் அறிவார். அதைத் தங்கள் மருத்துவர் சொல்லவில்லை. மருத்துவரின் மைத்துனர் சொன்னார்.

காரியம் யாதெனில், சென்ற முழுநிலா நாளில் நடந்தது. அதை எழுத எடுத்த எழுத்தாணியை ஒவ்வொரு முறையும் அமைச்சர் கீழே வைத்துவிட்டதால் இவ்வோலை ஒன்பது நாள் தாமதித்தது, அதற்காக மன்னிக்க. உப்புத்தீவு என்பது மூன்று ஊரும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் உள்ள நிலம். பதினொரு பேர் தேறாமல், திருமணப் பந்தலில் இருந்த மணமகனையே படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்பது துறைமுகத்துப் பேச்சு. அப்படிப்பட்டவர்களின் பந்து, மாலை சூட்டிய இரு கம்பங்களுக்கு நடுவே நம் வாயிலுக்குள் ஐந்து முறை புகுந்தது; நம் பந்தோ அவர்கள் வாயிலை ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கூச்சப்பட்டதுபோல் திரும்பி வந்தது. முதற்பந்து புகுந்தபோது அமைச்சர் மென்றுகொண்டிருந்த வெற்றிலையைப் பாக்கோடு விழுங்கிவிட்டார். மூன்றாவது புகுந்தபோது எழுந்தவர், ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் உட்கார மறந்து நின்றார். நான்காவதற்குப் பிறகு கோமான் அமைச்சரின் பக்கம் சாய்ந்து, நம் வாயிலில் எவரேனும் நிற்கிறாரா அல்லது அது வெறும் நிழலா என்று வினவியருளினார். நின்றவர் பெரும்பூதனார் என்றும், ஐம்பது வயதுக்கு அவர் நிற்பதே பெரிது என்றும் அமைச்சர் விண்ணப்பித்தார்.

அமைச்சரைக் கல்லாக்கியது தோல்வியன்று. ஐந்தில் மூன்றை அடித்தவனின் முகம். தலைமுடியைத் தீவாரைப்போல் உச்சியில் முடிந்திருந்தாலும், பந்தைக் கணுக்காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு நொடி உறங்கவிட்டுப் பிறகு எழுப்பும் அந்தப் பழக்கம் இந்நாட்டில் ஒரே வீட்டுக்குத்தான் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே ஆட்டத்தைத் தாங்கள் ஆட, அதே படிவரிசையில் நின்று அமைச்சர் தொண்டையைக் கிழித்துக்கொண்டவர். அவன் தங்கள் மகன் அழிசி. பத்தொன்பது வயது. நம் மண்ணில் பிறந்தவன், நம் வாயிலில் மூன்று!

அதன்பின் அமைச்சருக்கு உறக்கம் பிடிக்கவில்லை; ஆகையால் விசாரித்தார். பிறர் வீட்டுக் காரியத்தில் மூக்கை நுழைப்பது அமைச்சர் பதவிக்கு அழகன்று என்று ஓதுவோர் உளர். அமைச்சருக்கு நாட்டில் எல்லா வீடும் தம் பக்கத்து வீடுதான். வழுதூர்ப் படித்துறைக்குத் தம் துணைவியாரையே நீராட அனுப்பினார். அவர் ஒருமுறை மூழ்கி எழுவதற்குள் நடந்தது முழுதும் காதில் விழுந்துவிட்டது.

ஆலங்கரைக் குழுவில் அழிசி மூன்று ஆண்டுகள் களத்தின் ஓரத்தில் குந்தியிருந்தானாம். ஆடுவோரின் மேலாடைகளை மடித்து வைத்தானாம். அவ்வளவு அழகாக மடிப்பவன் வேறில்லை என்று பெயரும் வாங்கினானாம். ஏன் அவனை இறக்கவில்லை என்று அங்கே ஒரு பெண்மணி வினவ, வலப்புறம் காக்கும் வெளியனாரின் மனைவியார் துணியை அடித்துக்கொண்டே சொன்னதை அமைச்சர் மாற்றாமல் எழுதுகிறார்: "எங்க வீட்டுக்காரர் கட்டில்ல இருந்து எந்திரிக்கவே செவுத்தப் புடிக்கிறாரு. ஆனா களத்துல எடத்த மட்டும் விடமாட்டாரு. கழல் போட்ட காலாச்சே, யாரு நகத்துறது?" அவர் சொன்னதற்குப் படித்துறை முழுதும் சிரித்ததாம்.

போன ஆண்டு ஒரு காலையில் அழிசி தங்கள் முன் வந்து நின்று, "நீங்க உக்காந்தாத்தானேப்பா நான் நிக்க முடியும்" என்று சொன்னானாம். அதற்குத் தாங்கள், "கழலக் கழட்டுனா கால் நடக்காதுடா" என்று சொன்னீர்களாம். அவன் காலைத் தொட்டு வணங்கி, சொல்லிக்கொண்டு, தீவின் படகில் ஏறிவிட்டான். பன்னிரண்டு திங்கள் தம் உப்பைத் தின்றவன் தம் பிள்ளை என்பது தீவாரின் சட்டம். இவையெல்லாம் வெளியே கேட்டது பிழையென்றால் தங்கள் வீட்டு வேலியை இன்னும் உயரமாகக் கட்டியிருக்க வேண்டும்.

இனி, எவரும் அறியாத ஒன்று. மூன்றாம் பந்தை அவன் கொண்டுவந்தபோது தடுக்கச் சென்றவர் தாங்கள். அவன் இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் போனான். தாங்கள் இரண்டு பக்கமும் போக முயன்று மண்ணில் அமர்ந்தீர்கள். களத்தில் இருந்த பன்னீராயிரம் பேரும் பந்தைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கும் பக்கம் பார்ப்பது அமைச்சருக்கு வழக்கமில்லாததால் அவர் தங்களைப் பார்த்தார். பந்து வாயிலுக்குள் போனது. தாங்கள் உட்கார்ந்தபடியே தலை குனிந்து, மடிக்குள் கைகளை வைத்துத் தட்டினீர்கள். கையில் ஒட்டிய மண்ணை உதறியதாகத் தாங்கள் சொல்லலாம். மண்ணை உதற இரண்டு தட்டுப் போதும். தாங்கள் தட்டியது ஏழு.

இதைக் கோமானிடம் அமைச்சர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார், வம்பிலும் காக்க வேண்டியது, பரப்ப வேண்டியது என்று இரண்டு உண்டு.

இவ்வளவுக்கும் குற்றவாளி யாரென்று தேடினால், பழைய ஓலைகளில் அவர் பெயரும் கிடைக்கிறது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் நாம் கடலோர நாடுகள் அனைத்தையும் வென்ற அன்று, ஆடிய பதினொருவருக்கும் வாகைக்கழல் பூட்டி, கழல் பூண்ட காலை நாட்டுக் குழுவிலிருந்தோ ஊர்க் குழுவிலிருந்தோ அரசரே ஆயினும் நீக்கலாகாது, பூண்டவர் தாமே கழற்றினாலன்றி, என்று ஒரு சட்டம் எழுதப்பட்டது. எழுதியவர் கொற்றன் ஆதனார். மகிழ்ச்சியில் எழுதினார், கள் அருந்தவில்லை, ஆனால் அருந்தியவரினும் மோசமாக எழுதினார். காலுக்கு வயதாகும் என்பது அன்று அவருக்குத் தோன்றவேயில்லை. அப்பதினொருவரில் பூட்டிய கழலைத் தாமே கழற்றிய ஒருவரும் இந்தப் பதினாறு ஆண்டில் இல்லை. நாடெங்கும் களத்தின் ஓரங்களில் மேலாடை மடிக்கும் இளைஞருக்குத் தாடி வளர்ந்துவிட்டது. கத்தியதற்காகப் பன்னிரண்டாவது கழல் ஒன்று அமைச்சருக்கும் அன்று பூட்டப்பட்டதைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

அக்கழல் இவ்வோலையோடு தங்களிடம் வருகிறது. ஐந்து நாளுக்கு முன் தட்டார் அரத்தால் அராவி எடுத்தார். மூன்று நாள் அமைச்சரின் வலக்கால் கழலின் எடை இல்லாமல் தன்னை அறியாது உயர எழும்பி, படிகளில் தடுக்கி, ஏவலர்க்கு நகைப்பாயிற்று. நான்காம் நாள் நடந்தது. கால் நடக்கிறது, சாத்தனாரே. இதைச் சொல்லவே இத்தனை ஓலை.

ஆகையால் கோமானின் ஆணை பின்வருமாறு. தோற்ற நாட்டிலேயே மறு ஆட்டம் என்ற வழக்கப்படி, வரும் மாசி முழுநிலா நாளில் உப்புத்தீவார் மீண்டும் வெண்கோட்டைக்கு வருகிறார்கள். அதற்குள் நாட்டுப் பதினொருவர் இருபது வயதுக்கு உட்பட்டோரிலிருந்து எடுக்கப்பட வேண்டும். ஒவ்வோர் ஊர்க் குழுவும் பாதி இடத்தை இளையோருக்கு ஒழித்துத் தர வேண்டும். கழல் பூண்டோரைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இடந்தராது. ஆனால் தளபதியின் கால் வெறுமையானால் மற்றப் பத்துக் கால்களும் ஒரு வாரம் தாங்கா. வெளியனாரின் மனைவியார் அதற்கு உறுதி சொல்கிறார். அழிசியை அழைக்கக் கோமானுக்கும் உரிமை இல்லை. அவன் கோமானிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. தங்களிடம் சொல்லிக்கொண்டு போனான். அவன் யாரிடம் சொல்லிக்கொண்டானோ அவர் நேரில் சென்று அழைத்தால் விடுவது தீவாரின் வழக்கம். படகு நாளை மறுநாள் முதல் வழுதூர்த் துறையில் காத்திருக்கும்.

இவ்வோலையைக் கொண்டுவருபவர் தட்டார் கண்ணந்தையார். அரம் அவர் இடுப்பில் இருக்கிறது. தாங்கள் கேட்கும்வரை அதை வெளியே எடுக்கலாகாது என்பது அவருக்கிட்ட கட்டளை. அதுவரை அவருக்குச் சோறும் மோரும் தருக.

இங்ஙனம் கோமான் ஆணைப்படி, செம்மணற் பெருநாட்டு முத்திரை அரக்கில் பொறித்து, கொற்றன் ஆதனார் கைச்சாத்திட்டது. மாசி முழுநிலா நாளுக்கு மேற்குப் படிவரிசையில் அமைச்சருக்குப் பக்கத்து இடம் தங்களுக்கென ஒழிக்கப்பட்டுள்ளது. அப்படிகள் கல்லால் ஆனவை, மண் இல்லை. அங்கே தட்டினால் தட்டியதாகவே கொள்ளப்படும்.