மெர்சிங்கில் சாய்ந்த கடல்

ஒரு படத்தை அதன் இடத்தில் திரும்ப வைப்பதற்காக உங்கள் கேமராப் பையின் ஜிப்பை இன்று காலை திறந்தேன். கடல் வாடை வந்தது. உப்பும் பழைய தோலும் கொஞ்சம் பூஞ்சணமும் கலந்த வாடை. நீங்கள் இருந்தவரை பூஞ்சணம் அந்தப் பையை அண்டியதில்லை. இந்த ஊரின் ஈரக்காற்றுக்குப் பயந்து கேமராவுக்கென்றே ஒரு அலமாரி வாங்கி, தொட்டிலைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டீர்கள். நான்தான் பையை வெளியே எடுத்து வாசலுக்கருகில் நாற்காலியில் வைத்தேன். அங்கே அது இருந்தால் நீங்கள் எங்கோ புறப்படுகிறீர்கள் என்று தோன்றும்.

தேவாலயத்தில் உங்கள் அஸ்தி இருக்கும் சுவரில், பெயர்ப்பலகையில் படத்துக்கான இடம் காலியாகவே இருந்தது. முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு முன் அதைப் பதித்துவிட வேண்டும் என்று பெர்த்திலிருந்து நம் மகள் ஃபோன் செய்துகொண்டே இருந்தாள்.

“மம்மி, பாஸ்போர்ட் போட்டோவையே குடுத்துடுங்க லா. சிம்பிள்.”

அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அவளுக்குத் தெரியாது. “இந்த மூஞ்சியோட வந்தா என்னை எந்த நாட்டுலயும் உள்ள விடக்கூடாது” என்றீர்கள். பரலோகத்துக்கு அந்த முகத்தோடு உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வேறு படம் எங்கே? தஞ்சோங் பகார் அலுவலகத்தில் வருடம் முழுவதும் ஏர்கானுக்குக் கீழே உட்கார்ந்திருந்துவிட்டு, விடுப்பு கிடைத்ததும் ஏதாவதொரு கடற்கரை மணலில் கேமராவோடு குப்புறப் படுத்துவிடுவீர்கள். கொல்லம், வர்க்கலை, குவாந்தான். வலைக்காரர்கள், படகுகள், காயும் மீன். எந்தப் படத்திலும் நீங்கள் இல்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கேமராவின் முக்காலியைக் காவல் காப்பேன். ஊர் திரும்பியதும் பிரிண்டுகளை மேசையில் பரப்பி, என் முன்னால் ஸ்கேலை வைப்பீர்கள். கடலும் வானமும் சேரும் கோடு நேராக இருக்கிறதா என்று நான் அளந்து பார்ப்பேன். சாய்ந்திருந்தால், “இதுல தண்ணி எல்லாம் ஒரு பக்கமா வழிஞ்சிடும்” என்று ஒதுக்கி வைப்பேன். போட்டிகளுக்கு அனுப்பினீர்கள். ஒன்றிலும் பரிசு வரவில்லை. “நடுவர் மலையாளி இல்ல, அதான்” என்பீர்கள்.

மலையாளிகள் தங்கள் மொழியில் பாதியைச் சிரிப்புப் படங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மின்சாரம் போனால் அதற்கொரு வசனம். குழம்பு தீய்ந்தால் அதற்கொன்று. கொல்லத்தில் உங்கள் அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் மாலை, நீங்களும் உங்கள் தம்பிகளும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஏதோ படக் காட்சியை நடித்துக் காட்டி வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நான் திகைத்துப்போய் உங்களைத் தனியாக அழைத்துக் கேட்டேன். “அழுது முடிச்சாச்சு. அம்மாவுக்கும் இந்த சீன் பிடிக்கும்” என்றீர்கள். அன்று எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது. ஆனால் அப்படிச் சிரிக்க என் பக்கத்தில் யாரும் இல்லை.

எங்கள் கான்வென்ட்டில் பல் தெரியச் சிரிப்பது தண்டனைக்குரிய காரியம். உதட்டோடு நிறுத்திக்கொள்ளப் பழகினேன், அது அப்படியே நின்றுவிட்டது. “மதர் சுப்பீரியர், இது சிரிப்பா, பல்வலியா?” என்று கேட்பீர்கள். வீட்டில் ஜோக் சொல்லும் வேலை உங்களுடையது. அதை விளக்கச் சொல்லிக் கேட்டுக் கெடுக்கும் வேலை என்னுடையது.

ஒரே ஒரு தடவை அது மாறியது. மெர்சிங் கடற்கரையில், படகுத்துறைக்குப் பக்கத்தில். உங்கள் நண்பர் பாஸ்கரன் காரோட்டி நம்மை அங்கே அழைத்துப் போயிருந்தார். நீங்கள் லென்ஸைத் துடைத்துவிட்டு, வெளிச்சம் பார்க்க என்று கேமராவை என் கையில் கொடுத்தீர்கள். நான் ஏதோ சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். தொப்பி கழன்று விழ, கண்ணில் நீர் வழிய, ஆகாயத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. உங்களை நான் எடுத்த ஒரே படம் அது. அதில் கடல் சாய்ந்திருக்கிறது. ஸ்கேலே தேவையில்லை, அவ்வளவு சாய்வு. அதை நான் ஒதுக்கி வைத்தேன். நீங்கள் எடுத்துப் பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டீர்கள்.

அந்தப் படத்தைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

என் ஞாபகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் என்னோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களின் பெயர்களை இன்றும் சொல்வேன். பாலிகிளினிக்கில் ஞாபகத்தைச் சோதிக்க ஒரு இளம் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு, அவர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொன்னேன். மெர்சிங்கில் நீங்கள் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை, படகின் கயிற்றுச் சுருளில் படுத்திருந்த பழுப்புப் பூனை, காற்று வந்த திசை எல்லாம் இருக்கிறது. அந்த வாக்கியம் மட்டும் இல்லை.

அதற்காகத்தான் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டம் கூடும் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். நீங்கள் போன பிறகு அன்றுதான் முதல் முறை. யாரோ ஃபோனில் ஏதோ காட்சியை ஓடவிட்டிருந்தார்கள். வாசலிலேயே சிரிப்பு கேட்டது. என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பாஸ்கரன் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டார்.

“சேச்சி, உக்காருங்க. சாயா சொல்லட்டுமா?”

“ஏன் நிறுத்திட்டீங்க? ஓடட்டும்.”

“ஐயோ, சும்மா பழைய காமெடி சேச்சி.”

யாரும் மறுபடி ஓடவிடவில்லை. படத்தைக் காட்டி, அன்று நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். பாஸ்கரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“ஆங்! ‘இந்தக் கடல் மட்டும் கான்வென்ட்ல படிச்சிருந்தா நேரா நின்னிருக்கும்’னு சொன்னீங்க. சேட்டன் விழுந்து விழுந்து சிரிச்சாரு.”

மேசையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான்.

“பாஸ்கரன், படம் எடுத்த பிறகுதானே கடல் சாஞ்சிருக்கிறது தெரிஞ்சது. இது நீங்க இப்ப கட்டினது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சேச்சி விஷமப்படக் கூடாது, வருத்தப்படக் கூடாதுன்னு சொன்னேன். பொறுத்துக்குங்க. உண்மையில நான் அங்க இல்ல. டீ பங்குஸ் கட்டி வாங்கிட்டு வர ஸ்டாலுக்குப் போயிருந்தேன். திரும்பி வர்றப்ப சிரிப்பு மட்டும் கேட்டுச்சு. ரெண்டு பேர் சிரிப்பும்.”

“ரெண்டு பேரா?”

“நீங்களும்தான். சத்தமா. பல்லெல்லாம் தெரிய. வேற யாரோ பொம்பளைன்னு நினைச்சிட்டேன். என்னன்னு கேட்டா சேட்டன் சொல்லல. ‘இது எங்க வீட்டு ஜோக், வெளிய விக்கிறதில்ல’ன்னுட்டார்.”

என் கை ஏன் சாய்ந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். கண்ணீர் விடவில்லை. அந்த மரியாதையை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு பல வருடங்கள், சாப்பாட்டு மேசையில், வங்கி வரிசையில், பூசையின் நடுவில்கூட, “மெர்சிங்” என்று மட்டும் மெல்லச் சொல்வீர்கள். நான் தலையை ஆட்டுவேன். அப்போதெல்லாம் அந்த வாக்கியம் என்னிடம் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக, மூச்சுக்கு வைத்த முகமூடியை விலக்கிக்கொண்டு அதே வார்த்தையைச் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். அன்று அது என்னிடம் இருந்ததா, பழக்கத்தால் ஆட்டினேனா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்கு அப்போதும் அவ்வளவு மூச்சு இருந்தது.

பீங்கானில் படம் பதித்துக் கொடுக்கும் கடையில், அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ இழுத்து, “ஆன்ட்டி, சீ எல்லாம் ஸ்ட்ரெயிட் பண்ணிட்டேன், பாருங்க” என்றாள். கடல் நேராகியிருந்தது. நீங்கள் சாய்ந்துபோய், எந்த நேரமும் விழப்போகிறவர் மாதிரி நின்றீர்கள்.

“பழையபடியே வச்சிடுங்க.”

“ஷுவரா ஆன்ட்டி? ஒரு மாதிரி இருக்குமே.”

“இருக்கட்டும்.”

நேற்று அதைப் பதித்தார்கள். வேலையாள் போன பிறகு நான் மட்டும் நின்றேன். அந்தச் சுவரில் எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள், பாஸ்போர்ட் முகங்கள். நீங்கள் ஒருவர்தான் தொப்பி இல்லாமல், வாயைத் திறந்து, சரியும் கடலுக்கு முன்னால் சிரிக்கிறீர்கள். நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஊர்ப்பெயர்தான். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “மெர்சிங்” என்றேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.