தொட்டிக்குப் பின்னால் ஒரு சாண் சுவர்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலியும் அவள் இருமலும் குறைந்தனவா என்று எழுது.

பிளம்பரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டிடத்தில் என்னைத் தவிரத் தமிழ் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். நான் பெயின்ட் அடிக்கும் முன்பே கழிப்பறைத் தொட்டிகளைச் சுவரில் மாட்டிவிடுவான்; பின்சுவருக்கு பிரஷ் எட்டாது. அதனால் மூன்று மாதமாக அவனோடு பேச்சில்லை. திங்களன்று தொட்டிக்குப் பின்னால் பிரஷ்ஷோடு விட்ட கை குழாயிடுக்கில் சிக்கிக்கொண்டது. லேசான சிராய்ப்புதான், கவலைப்படாதே. அவனைக் கூப்பிட மனமில்லாமல் அரை மணி நேரம் மண்டியிட்டே இருந்தேன். ஸ்பேனரைத் தேடி அவனே வந்தான்.

“என்ன வாத்தியாரே, குழாயோட குடித்தனமா? ஒரு குரல் குடுத்தா கௌரவம் கொறஞ்சிடுமா?”

தொட்டியைக் கழற்றிக் கையை விடுவித்தான். “அடிச்சு முடிங்க, அப்புறம் மாட்டிக்கிறேன்” என்றான். அன்றிலிருந்து எல்லா அறையிலும் அப்படியே செய்கிறான். எனக்குத்தான் இன்னும் நன்றி சொல்ல வாய் வரவில்லை. இதை உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே. அவரோடு நான் பேசாதது வேறு விஷயம்.

முழங்காலுக்கு மாட்டும் உறை இரண்டு ஜோடி அனுப்பு. ஒன்று அவனுக்கு. வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். அவனுடைய உறை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், ஆள் பருமன்.