துணியில் சிக்காத கேபிள்

மகனுக்குத் தொட்டில் கட்டப் புது ஸ்பிரிங் வாங்கி வந்திருக்கிறார் இவர். காகிதத்தைப் பிரித்ததும், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் அந்த எண்ணெய் வாசம். நீ பக்கத்தில் வந்து நின்றாற்போல இருந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், உருக்காலைக் கரி படிந்த அந்த ஷெட்டில், உன் கையெல்லாம் இதே வாசம்தான். கல்லூரி முடித்த கையோடு நாம் இருவரும் சேர்ந்த வேலை அது. முதலாளி தன் ஆசைக்காகக் கட்டிக்கொண்டிருந்த, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். விமானி பிடிக்கும் கைப்பிடியிலிருந்து வால் வரை ஓடி விமானத்தைத் திருப்பும் கேபிள்களை நாம்தான் வரைந்தோம், நாம்தான் சோதித்தோம். கப்பிகளைப் பெரிதாகப் போடச் சொன்னாய். சிறிய கப்பியில் கேபிள் ரொம்ப வளைந்து நைந்துவிடும் என்றாய். எடை கூடுமென்று அவர் சிறிதாகவே போட்டார்.

அன்று காலை பழைய பனியன் துணியைக் கேபிளில் சுற்றிப் பிடித்து, மெல்ல உருவிக்கொண்டே வந்தாய். வால் பக்கக் கப்பியருகே துணி சிக்கியது. கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தது.

“ஒரே ஒரு இழைம்மா. நாளைக்கு எம் பொண்ணு பாப்பாவ இட்டுனு பறக்குறேன்னு சொல்லிட்டேன்” என்றார் முதலாளி.

“அதுக்குதான் சார் சொல்றேன். ஒண்ணு போச்சுன்னா மத்தது இன்னா, சும்மா இருக்குமா?” என்ற நீ, அவர் வாயைத் திறப்பதற்குள் கட்டரை எடுத்துக் கேபிளையே வெட்டிப்போட்டாய். இனி யாரும் அதைத் திரும்ப மாட்ட முடியாது.

“பேஜாருமா உன்னோட!” என்று கத்திவிட்டுப் போனார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“ஏண்டி மூஞ்ச அப்டி வெச்சினுகீற? திட்டுனா திட்டினு போறாரு. பாப்பா பத்திரமா கீதில்ல?” என்று சிரித்தாய்.

அந்த மழைக்காலத்தில்தான் மீஞ்சூர் சாலையில் உன் ஸ்கூட்டர் லாரிக்கு அடியில் போனது, நீயும் போனாய். பிரேக் அறுந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். காவல் நிலைய வாசலில் கிடந்த உன் வண்டியின் பிரேக் கேபிளை உறையிலிருந்து உருவி, என் கைக்குட்டையைச் சுற்றி இழுத்தேன். எங்காவது சிக்கிவிடு, சிக்கிவிடு என்று வேண்டிக்கொண்டே இழுத்தேன். வழுக்கிக்கொண்டு முழுதாக வந்துவிட்டது. ஓர் இழைகூடப் போகவில்லையடி.

அதற்குப் பிறகு எதைச் சோதித்தாலும் எனக்கு நிம்மதி வருவதில்லை. உத்தரத்துக் கொக்கியை இழுத்துப் பார்க்கிறேன், உறுதியாக இருக்கிறது. கேஸ் குழாயைத் தடவுகிறேன், நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. உனக்கு வெட்டிப்போட ஒரு கேபிள் கிடைத்தது. எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. தூங்குகிற மகன் மார்பில் கையை வைக்கிறேன். மூச்சு சீராக ஏறி இறங்குகிறது. கையை எடுக்கத்தான் தெரியவில்லை.